கல்யாணக் காரின் கதவுப் பலகை

தம்பி,

போன மாதம் மூவாரில் உன் பட்டறை வாசலில் அந்தப் பெரிய பழைய காரை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறி உக்காந்து பாருங்கம்மா, துரைசாணி மாதிரி" என்றாய். நானும் ஏறி உட்கார்ந்தேன். காலையிலிருந்து வெயிலில் நின்ற கார். நீ புதிதாகச் செய்து மாட்டியிருந்த கதவுப் பலகையில் தோளைச் சாய்த்தேன். புதுத் தோல்துணியின் வாசனை வந்தது, வச்சிரப் பசையின் வாசனை வந்தது. இரண்டும் எனக்குப் பழகியவை; உன் அப்பாவுடன் வாழ்ந்த காலமெல்லாம் என் சோற்றிலும் சேலையிலும் அந்த வாசனைகள்தாம் இருந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. நாள்பட்ட தேங்காய் எண்ணெய். வியர்வை ஊறிய தலையணையை மழை நாளில் முகர்ந்தால் வருமே, அது. நான் தோளை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகும் அது என் ரவிக்கையில் இருந்தது.

"உள்ள என்னடா வெச்சு அடைச்சிருக்க?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "உங்க மூக்கு மூக்குதாம்மா! குதிரை முடி எங்க கெடைக்குது இப்ப? இது ஆஸ்பத்திரி முடி. மாமா மூட்டையா குடுத்தாரு. சோடாக்காரம் போட்டு அலசிட்டேன்." நீ மாமா என்று சொன்னது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸரை. உனக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர், துரையின் கொட்டகையில் கிடந்த இந்தக் காரை வாங்கி உன்னிடம் புதுப்பிக்கக் கொடுத்தவர், கல்யாணத்துக்கு இதையே ஓட்டி வரப்போகிறவர். அவர் பக்கத்தில்தான் பல் குத்திக்கொண்டு நின்றார். "சும்மா எரிக்கிறதுதானேம்மா. எரிச்சா நாத்தம் கூலியாளுங்க இருக்கற லயம் வரைக்கும் போவுது. தம்பிக்காவது பிரயோசனப்படட்டும் லா" என்றார். யாருடைய முடி என்று நான் கேட்டபோது, வியாபாரி சரக்கைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "காய்ச்சலுக்கு வந்த பொம்பளைங்களோடது. ஆம்பளை முடி கட்டை, உள்ள நிக்காது."

உன் வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் பரீட்சை தேறி ஆசிரியைச் சான்று வாங்கியவள் நான்தான். ஆனால் சான்று வாங்கிய அன்றுகூட மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கத் தயங்கி, இரண்டாம் முறை கூப்பிட வைத்தவள். அன்றும் இறங்கினேன், நீ வாங்கி வைத்த காப்பியைக் குடிக்காமல் பஸ் ஏறினேன். பிறகு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு எழுதினாய்: "அம்மா, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது? கல்யாண வேலையில் இதைப் பெரிது பண்ண வேண்டாம்." அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அதனால்தான் இந்த மூன்றாவது கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. ஊரில் கதவுப் பலகை அடைக்கிறவன் நீ ஒருவன்தானா என்ன?

அவளும் போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தவள் என்பதை நீ நினைத்துப் பார்த்தாயா? நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைத்தான் சொல்கிறேன். காய்ச்சலில் மொட்டை அடித்த முடி இப்போதுதான் கழுத்து வரை வளர்ந்திருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று கொல்லைப்புறத்தில் என்னைத் தனியாக நிறுத்தி, "அத்தை, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வெக்க முடியுமா? முக்காடு குத்துறதுக்கு ஊசி நிக்க மாட்டேங்குது" என்று கேட்டாள். "சவுரி வெச்சுப் பின்னிக்கலாமேம்மா" என்றேன். அதற்கு அவள் சொன்னதைக் கேள். "என் முடியே இடுப்புக்குக் கீழ இருந்திச்சு அத்தை. கண்ணு முழிச்சதும் டிரஸர்கிட்ட கேட்டேன், குடுங்க சவுரி கட்டிக்கறேன்னு. எரிச்சாச்சுன்னு சொல்லிட்டாரு." இதை அப்போது நான் உன்னிடம் சொல்லவில்லை, பெண்பிள்ளைகள் பேச்சு, உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். எரித்ததாகச் சொன்னதை அவர் எரிக்கவில்லை. நீளம் பார்த்து, ஆண் முடி பெண் முடி பிரித்து, மூட்டை கட்டி வைத்திருக்கிறார். அந்த மூட்டையைத்தான் உன்னிடம் அவிழ்த்திருக்கிறார். அவள் கல்யாணத்தன்று மாதா கோயிலுக்குப் போகும்போது வெள்ளைச் சேலையில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவள் தோளுக்கும் அவள் முடிக்கும் நடுவில் ஒரு தோல்துணிதான் இருக்கும். அவளுடையது அந்த மூட்டையில் இல்லாமலும் இருக்கலாம். இல்லாவிட்டால் இன்னொருத்தியுடையது. அந்த இன்னொருத்தி பிழைத்து வீட்டுக்குப் போனாளா என்று நீ அந்த மாமாவைக் கேட்டாயா?

நீ எழுதிய அந்த வரியை இதற்கு முன்னும் ஒரு முறை நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர் உன் அப்பா. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கப்பலில் குதிரை முடி வருவது நின்றுபோயிருந்தது. சண்டைக்குப் போன ஒரு துரையின் காரை அந்தத் தோட்டத்து ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வாங்கி, மகள் கல்யாணத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லி ஜொகூர் பாருவில் நம் பட்டறைக் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். பக்கப் பலகைகளை ஆணி பிடுங்கிக் கழற்றியபோது உள்ளிருந்து வந்தவை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன: துருப்பிடித்த ஆணிகள், பூஞ்சை பிடித்த அட்டை, கரப்பான் முட்டைக் கூடுகள், எவனோ இடுக்கில் துப்பிக் காய்ந்த வெற்றிலைச் சாறு. அதற்கெல்லாம் உள்ளே, கறுப்பாக, தட்டையாக அமுங்கிய திணிப்பு. உன் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பழைய குதிரை முடி புள்ள. இந்த நேரத்துல தங்கம். பிச்சுப் பிச்சு உதறிக் குடு, திருப்பி அடைச்சுரலாம்" என்றார்.

நான் உட்கார்ந்து பிய்த்தேன். குதிரை முடி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முறுக்கி, வேகவைத்து, சுருள் பிடித்து வரும். அமுக்கினால் கையைத் தள்ளும். இது தள்ளவில்லை. நேராக இருந்தது, வழுக்கியது, விரலைச் சுற்றிக்கொண்டு விட மறுத்தது. நடுவில் நரைத்த இழைகள் இருந்தன. பிறகு ஒரு பின்னல் நுனி வந்தது. சிவப்பு நூல் போட்டு முடிந்த நுனி, அவிழ்க்கவே இல்லை. அதை அப்படியே கீழே போட்டுவிட்டு வாய்க்காலுக்கு ஓடினேன். பிள்ளைத்தாச்சிக்காரி வாந்தி எடுக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் அம்மாவுக்கும் காய்ச்சலில் மொட்டை அடித்திருந்தார்கள். முடி வளர்கிற வரை சேலைத் தலைப்பைத் தலையிலிருந்து எடுக்காமல்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். "இது பொம்பளைங்க முடிங்க" என்றேன். அவர் அந்த நுனியை எடுத்துப் பார்த்தார். சிவப்பு நூலைக் கத்தரித்து எறிந்தார். "உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போவுது புள்ள? கல்யாணம் நெருங்கிருச்சு. திணிக்கறதுக்கு வேற என்ன இருக்கு?" என்றார். வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தோல்துணியில் வரிவரியாகக் குழாய்த் தையல் போட்டு வைத்திருந்தவள் நான்தான். அந்தக் குழாய்களில் குச்சியால் தள்ளித் தள்ளி அதை அடைத்தவர் அவர். நான் கொட்டகைக்கு வெளியே நின்றேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு எனக்கு அன்று பிடிக்கவில்லை.

கிராணி வீட்டுக் கல்யாணத்தில் பூசை முடிகிற வரை கார் கோயில் வாசலில் உச்சி வெயிலில் நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிச் சாய்ந்துகொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். இறங்கியபோது பெண்ணின் வெள்ளைச் சேலையில், தோளிலிருந்து இடுப்பு வரை, மஞ்சளாக வரிகள். பலகையில் நான் போட்ட குழாய்த் தையல் எத்தனையோ அத்தனை வரி. வெயிலில் எண்ணெய் உருகி, தையல் துளை வழியாகக் கசிந்திருக்கிறது. மறுநாளே கிராணி காரோடு வந்துவிட்டார். "என்னய்யா மேஸ்திரி, கார்ல தோசை சுட்டியா?" என்று வாசலிலேயே கத்தினார். தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா பலகைகளையெல்லாம் கழற்றிப் போட்டு, ஒன்றில் ஒரு குழாயை அறுத்து, உள்ளிருந்ததை அவர் கையில் வைத்தார். "பொம்பளைங்க முடிங்கையா. பழைய திணிப்பு. தெரிஞ்சேதான் திருப்பி அடைச்சேன்."

கிராணி கையை உதறி, சீ என்றார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை நான் மறந்திருப்பேன். துடைத்து முடித்ததும் அலுத்துக்கொண்டு சொன்னார்: "சரி, அலமாக், மயிர்தானே. நல்லா சவுக்காரம் போட்டு அலசி, எண்ணெய் போனப்புறம் அதையே அடை. துரையே இத்தன வருசம் இதுல சாஞ்சிக்கிட்டுப் போயிருக்காரு, எனக்கென்ன கேடு?" அவருக்குச் சேலைக் கறைதான் அசிங்கம். அந்தச் சிவப்பு நூல் முடிச்சுக்காரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. துரை தோள் பட்ட இடம் என்பதே அவருக்குச் சுத்தம். உன் அப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் சொன்ன வார்த்தை இன்னொருத்தன் வாயில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். "அடைக்க மாட்டேங்கையா. தேங்கா நாரும் இலவம்பஞ்சும் வெச்சு அடைச்சுத் தரேன், கூலி வேணாம்" என்றார். "நாரா? என்ன நான் மாட்டு வண்டியிலயா போறேன்?" என்று கிராணி பலகைகள் இல்லாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு பல மாதம் அந்தக் கார் கதவு எலும்பும் ஆணித் துளையும் தெரிய ஊருக்குள் ஓடியது. அவர் மட்டும் அதில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்.

அந்த முடியை உன் அப்பா ஒரு சாக்கில் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் பாக்காவ் என்கிற அலையாத்தி மரச் சேற்றோரம் குழி தோண்டிப் புதைத்தார். யாருக்கென்று தெரியாமல் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம் வந்தது. பலகையை மூடுவதற்கு முன்னால் வண்டிக்காரரைக் கூப்பிடுவார். கடைசிப் பக்கம் ஆணி அடிக்காமல் திறந்திருக்கும். வாயில் அடக்கியிருக்கும் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, "கையை விட்டுப் பாருங்க" என்பார். மலாய் அதிகாரி ஒருவர் "தா பாயா, தா பாயா" என்று வேண்டாமென்று சிரித்துக்கொண்டு பின்னால் போவார், அவரையும் விடமாட்டார். ஒரு வெள்ளைக்காரி கையுறையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை விட்டுத் துழாவி, விரலில் ஒட்டிய இலவம்பஞ்சை ஊதிவிட்டாள். நீ சிறு வயதில் அதைப் பார்த்துவிட்டு, தலையணை உறையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் "கையை விட்டுப் பாருங்க" என்று படுத்துவாய். எல்லோரும் சிரிப்போம். அது வாடிக்கை பிடிக்கிற வித்தை என்று நீ நினைத்துக்கொண்டு வளர்ந்துவிட்டாய். அப்பா உன்னிடம் காரணம் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது.

உன் பட்டறையில் அன்று நான் பார்த்த பலகைகள் எல்லாம் முகம் குப்புறச் சுவரோரம் அடுக்கியிருந்தன. எல்லாம் மூடியவை. ஒன்றின் வாய்கூடத் திறந்திருக்கவில்லை.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து புது வண்டி வாங்குகிறவன் இல்லை. பழையதைத் தேய்த்து மினுக்கி ஓட்டுகிறவர்கள்தாம் உன்னிடம் வருகிறார்கள். மேசை நாற்காலி செய்யும் சீனத் தவுக்கே முதலாளியின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, தனியாக நின்று மேலே வந்தவன் நீ. அந்தப் பலகைகளிலும் காரில் மாட்டியிருந்ததிலும் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றே அன்று பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒட்டுப்பலகையை வெட்டிய விளிம்பு கண்ணாடிபோல இருந்தது. கைப்பிடித் துளையைச் சுற்றித் துணி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மடிந்திருந்தது. உன் குழாய்த் தையல் உன் அப்பாவுடையதைவிட நேர், என்னுடையதைவிடவும் நேர். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கோணல்மாணலாகத் தைத்து அதை அடைத்திருந்தால் திருட்டு வேலை என்று ஒதுக்கியிருப்பேன். இவ்வளவு அழகாகத் தைக்கிற கை, தைத்துக்கொண்டே உள்ளே அதைத் தள்ளியிருக்கிறது.

கோயிலில் மொட்டை போட்ட முடியையும் விற்கத்தானே செய்கிறார்கள் என்று நீ சொல்லலாம். அது வேண்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்த முடி. இது நினைவு தப்பிக் கிடந்தவளிடமிருந்து எடுத்தது. கண் விழித்து அவள் கேட்டபோது இல்லையென்று சொன்னது. சோடாக்காரம் போட்டால் எண்ணெய் போகும். அந்தப் பொய் போகாது. மனித முடி சுருள் நிற்காது, வருஷத்துக்குள் கீழே இறங்கிப் பலகை வயிறு தள்ளும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். அதை நான் காரணமாகச் சொல்லப் போவதில்லை. அது நூறு வருஷம் இறங்காமல் நின்றாலும் எனக்குக் குமட்டும்.

அந்த டிரஸரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசிக் கொடுத்தவர், பெரியவர், அவர் மனம் கோணக்கூடாது என்று நீ பயப்படுகிறாய். அவர் உன் வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும். நானே இலை போடுகிறேன். ஆனால் தன் பொறுப்பில் படுத்துக் கிடந்தவர்களின் தலையைப் பார்த்து நீளம் கணக்கிட்ட மனிதர் அவர். அவர் உனக்கு நல்லது செய்கிறார் என்று நீ நம்பினால், அவர் எதையெல்லாம் நல்லது என்று நினைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்.

குடும்பம் நடத்துவதைப் பற்றி நிறைய எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். சம்பாத்தியத்தை அவளிடம் கொடு, அவள் அம்மா வீட்டாரை அவள் முன்னால் கேலி செய்யாதே, பட்டறைக் கோபத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவிடு என்றெல்லாம். எழுத வரவில்லை. எதை எழுதப் போனாலும் அந்தப் பலகைதான் முன்னால் வந்து நிற்கிறது. அவளுக்குத் தெரியாமல் ஒன்றை மூடி, மேலே அழகாகத் தைத்து, அதில் அவளைச் சாயவைத்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால், அதற்குப் பிறகு நீ சம்பாத்தியத்தைக் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? உன் அப்பா என்னிடம் மறைக்கவில்லை. என் கண் முன்னால்தான் தப்பு செய்தார், என் கண் முன்னால்தான் புதைத்தார். அதனால் அந்த முதுகை நான் பிறகு தேய்த்துவிட முடிந்தது.

இந்தப் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் விற்பனைக்கு வரும். அவள் தவறாமல் வாங்குகிறவள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் அல்ல, சரளமாகப் படிப்பவள். பெயர் இல்லாவிட்டாலும் காய்ச்சலையும் சவுரியையும் தாண்டி அவளால் போக முடியாது. அவளுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறேன். அவள் தலையில் இருந்ததைப் பற்றி அவளைத் தவிர நாம் எல்லோரும் அறிந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அச்சுக்குக் கொடுத்த கையோடு உனக்கும் ஒரு நகலைத் தபாலில் போட்டிருக்கிறேன். அது புதன்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும்.

இங்கே நம் வீட்டு மரத்து இலவம்பஞ்சைக் கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு சாக்கு கட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக் காலை பஸ்ஸில் கொண்டு வருகிறேன். உன் அப்பாவின் ஆணி பிடுங்கியும் என் பையில் இருக்கும். நீ கழற்றி வைத்திருந்தால் அதை வெளியே எடுக்க மாட்டேன். கழற்றியிருக்காவிட்டால், டிரஸர் நிற்கட்டும், உன் வேலைக்காரர்கள் நிற்கட்டும், மூவார் ஊரே நிற்கட்டும், நானே கழற்றுவேன். அப்போது எனக்குப் பேசவும் வரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால், பத்திரிகை அவள் கைக்குப் போவதற்கு முன்னால், நீயே போய் அவளைக் கூட்டி வா. பழையதையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி வை. தன்னுடையது அதில் இருக்கிறதா என்று அவள் தேடட்டும். தேட மாட்டேன் என்றாலும், மூஞ்சியில் துப்பினாலும், கல்யாணம் வேண்டாம் என்றாலும், நின்று வாங்கிக்கொள். அவள் அதற்குப் பிறகும் உன்னோடு வருவதாக இருந்தால், பஞ்சை அடைத்து, கடைசிப் பக்கம் ஆணி அடிக்காமல் பலகையை அவள் முன்னால் வை. வாயிலிருக்கும் ஆணிகளைத் துப்பிவிட்டுச் சொல், நீ தலையணை உறையை வைத்துக்கொண்டு எங்களிடம் சொன்ன அதே வார்த்தையை.

அம்மா